வாடகைக்கு விடுவதற்கென்று முதல் வீடு: எதைப் பார்த்து வாங்குவது?

முதல்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடமும் வாடகை கொடுத்தே பழகிய ஆள் நான். இப்போது வாடகை வாங்கிப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. ஒரு பழைய அடுக்குமாடியில் வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை, கட்டி 16 வருடம் ஆகிறது. கடைசி மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். விலையில் பாதி கையில் இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம்.

ஒரு வருட வாடகை வீட்டு விலையில் 5 சதவீதம் வரும் என்று தரகர் சொல்கிறார். "தவணையை வாடகையே கட்டிடும் சார், நீங்க சும்மா இருந்தா போதும்" என்கிறார். என் மனைவியோ, "குழாய் ஒழுகினா ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறாள். தெரியாது.

கணக்கு சரியா, வீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், குடிவைக்கும் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி எழுதியது:

தரகர் கூட்டலோடு நிறுத்திவிட்டார், கழித்தல் போடவே இல்லை.

வீட்டு விலையை 100 என்று வையுங்கள். வருட வாடகை 5. வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் அதில் 0.4 போச்சு. பழைய வீட்டுக்குப் பராமரிப்பு என்று வருடத்துக்கு விலையில் 1 சதவீதம் ஒதுக்குவது பொதுவான வழக்கம். ஒரு வருடம் ஒன்றுமே செலவு வராது, அடுத்த வருடம் மூன்று வருடத்துக்கானது சேர்ந்து வரும். வரி, காப்பீடு, பொதுச் செலவுக்கான சந்தா எல்லாவற்றுக்கும் 0.6 என்று வைக்கலாம். கடைசியில் கையில் நிற்பது 3. நீங்கள் வாங்கப்போகும் 50க்கு வருடத் தவணை 5.4. ஆக வருடத்துக்கு 2.4, அதாவது கிட்டத்தட்ட ஆறு மாத வாடகை, உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 9 சதவீதம், 20 வருடம் என்றால் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். அசலில் பாதி அடைய 14 வருடம் ஆகும். ஐந்தாவது வருடம் விற்றுவிட்டு வெளியே வரலாம் என்ற எண்ணம் இருந்தால், அப்போது கடன் அவ்வளவாகக் குறைந்திருக்காது.

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறேன் என்றால் அது ஒரு முடிவு, தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதை வாடகை வருமானம் என்று பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். அப்புறம், ஆறு மாதத் தவணை அளவுக்காவது ரொக்கத்தைத் தனியாக ஒதுக்கி வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஓட்டைவாளி எழுதியது:

தம்பி, கணக்கை மேலே இருப்பவர் அழகாகச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். பதினோரு வருடமாக இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை தராமல் ஏமாற்றியவர் ஒருவர்கூட இல்லை. என்னை ஏமாற்றியது எல்லாமே தண்ணீர்தான்.

முதல் வீடு வாங்கிய இரண்டாவது வருடம், குடியிருந்த அம்மா போன் செய்து, "பாத்ரூம் வாசப்படிகிட்ட தரை எப்பவும் ஈரமா இருக்குங்க" என்றார். குளித்துவிட்டு வரும்போது சொட்டியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, "துடைச்சு விடுங்க, வந்து பார்க்கிறேன்" என்றேன். போகவில்லை. இரண்டாம் முறை சொன்னார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். மூன்றாம் முறை அவர் பேசவில்லை, கீழ் வீட்டுக்காரர் பேசினார். அவர் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது. போய் நிமிர்ந்து பார்த்தால், உள்ளே இருந்த கம்பி துருவேறிப் பருத்துச் சிமெண்டை வெளியே தள்ளியிருந்தது. காரணம் என்ன தெரியுமா? தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பூச்சு விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான்.

முதல் போனுக்கே போயிருந்தால் அரை நாள் கூலியோடு முடிந்திருக்கும். டைல்ஸை உடைத்து, நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு அடித்து, கீழ் வீட்டுக் கூரையையும் சரிசெய்ததில் ஏழு மாத வாடகை போனது. அந்த அம்மாவும் காலி செய்துவிட்டார். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். கடைசி மாடி என்கிறீர்கள், முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, வடிகால் வாயில் குப்பை அடைத்திருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். அதற்கு நேர் கீழே எந்த அறை வருகிறதோ அதன் கூரை மூலையைப் பிறகு பாருங்கள். மொட்டை மாடி ஒழுகினால் யார் செலவு, சங்கத்திடம் அதற்குப் பணம் இருக்கிறதா என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டாம்.

வீட்டுக்குள் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவர் எதையோ மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அதன் மேல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிரும். குளியலறை டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பானையைத் தட்டுவதுபோல் சத்தம் மாறுகிற இடத்தில் டைல்ஸுக்கு அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்த்துப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று தெரியும். தரகர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

வீட்டுக்குத் தனியாகத் தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் போய் அதைப் பாருங்கள். அப்போதும் முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. கரண்ட் போர்டில் கசிவு மின்சாரத்துக்கான ட்ரிப் சுவிட்ச் இருக்கும். வீடுகளுக்குப் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் போடுவார்கள். அதில் 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் யாரையும் குடிவைக்க வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினால் ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

குடிவைக்கும் ஆள் விஷயத்தில் நான் செய்வது ஒன்றுதான். இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் விசாரிப்பதில்லை, அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பேன். இப்போதைய வீட்டுக்காரர் ஆளைக் கிளப்பிவிட்டால் போதும் என்று தங்கமான மனிதர் என்பார். முந்தையவருக்கு அந்த அவசரம் இல்லை. "மறுபடியும் இவருக்கே விடுவீங்களா?" என்று மட்டும் கேட்பேன். பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

சாவி கொடுக்கும் அன்று இருவருமாக வீட்டைச் சுற்றி வந்து வீடியோ எடுத்துவிடுங்கள். குழாயைத் திறந்து, கதவைச் சாத்தி, மீட்டர் எண்ணைக் காட்டி, எத்தனை சாவி என்று எண்ணி. பத்து நிமிடம்தான். காலி செய்யும்போது "இந்தக் கீறல் முன்னாடியே இருந்தது" என்ற பேச்சே வராது. சொந்தக்காரருக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் வேண்டும்.

குடியிருப்பவன் எழுதியது:

நான் எதிர்க்கட்சி, சொந்த வீடு கிடையாது. ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் அன்றைக்கே எடுப்பார், வருவதற்கு முன் வரலாமா என்று கேட்பார். இதற்கு முந்தைய வீட்டுக்காரர் தன்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பதினோராவது மாதம் காலி செய்துவிட்டேன். முன்பணத்தில் "சுவரில் ஆணி அடித்த ஓட்டை" என்று சொல்லிப் பாதியைப் பிடித்துக்கொண்டார். ஆணி ஓட்டையும் வெளிறிப்போன பெயின்ட்டும் மனிதர் வாழ்ந்த அடையாளம் சார், சேதம் இல்லை.

முதல்படி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஓட்டைவாளி அக்கா, ஒரு சந்தேகம். வருடா வருடம் வாடகையை ஏற்றலாமா? ஏற்றாவிட்டால் ஏமாளி என்கிறார்கள்.

ஓட்டைவாளி எழுதியது:

ஏற்றலாம், ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் 5 சதவீதம் ஏற்றப்போய் நல்ல ஆள் கிளம்பி, வீடு ஒரே ஒரு மாதம் காலியாக இருந்தால், அந்த ஒரு மாத வாடகையை அந்த 5 சதவீதத்தால் ஈடுகட்ட இருபது மாதம் ஆகும். நடுவில் பெயின்ட் செலவு, தரகர் கமிஷன் வேறு. என் இரண்டாவது வீட்டில் மூன்று வருடம் ஏற்றவே இல்லை. அவர்களே குழாய் வாஷர் மாற்றிக்கொள்கிறார்கள், தேய்ந்த வாஷரைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நான் ஏமாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். அது உங்கள் பணம் இல்லை, திருப்பிக் கொடுக்கப்போகும் பணம். முதல் தடவை நான் அதை எடுத்து வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு, காலி செய்யும் நேரத்தில் அண்ணனிடம் கைமாற்று வாங்கினேன்.

முதல்படி எழுதியது:

இன்று காலை மறுபடியும் போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கவில்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் சிவப்பு முள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. தரகர் அதைப் பார்த்துவிட்டு, "அது காத்து சார்" என்றார்.

ஓட்டைவாளி எழுதியது:

காத்துக்குப் பில் வராது தம்பி. ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டுவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கீழே கோப்பையில் கலர் இறங்கியிருந்தால் டேங்க்கின் ரப்பர் வால்வுதான் போயிருக்கிறது, சின்னச் செலவு. இறங்காவிட்டால் சுவருக்குள் போகும் குழாயாக இருக்கலாம். பிளம்பரைக் கூட்டிவந்து காட்டி, அவர் சொல்லும் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.