தேய்ந்த இன்ஜினுக்கு பாட்டில் மருந்து: ஊற்றியவர்கள் சொல்லுங்கள்

பழைய டீசல்
2017. இண்டிகா டீசல், 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும். ஃபில்லர் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் அடைபட வேண்டிய காற்று கசிந்து வெளியே வருகிறது. "இன்ஜினை இறக்கிரலாங்ணா" என்றார் மெக்கானிக், பிரித்து வேலை பார்க்கத்தான். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய மாதம் அது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள், ஊற்றிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வாரம் வண்டி புதுசு மாதிரி ஓடியது. டேப்பட் சத்தம் அடங்கியது, புகையைக் காணோம். டீக்கடையில் நாலு பேருக்கு அந்தப் பாட்டிலின் பெயரை எழுதிக்கூடக் கொடுத்தேன்.

நாலாவது வாரம் விஜயமங்கலம் டோல்கேட். ஃபாஸ்டேக் கட்டாயம் ஆகாத காலம், நல்ல வரிசை. பத்து நிமிடம் ஐட்லிங்கில் நின்றுவிட்டு, லேசாக மிதித்து பூத் பக்கம் வந்தேன். கண்ணாடியில் பின்னால் நின்ற லாரியே தெரியவில்லை, வெறும் நீலம். பூத்தில் இருந்த பெண் ஒரு கையால் துப்பட்டாவை மூக்கில் பொத்திக்கொண்டு மறு கையால் சில்லறையை நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை. "பாத்துப் போங்கண்ணா" என்றாள்.

கோவை ஸ்பேனர்
என் கதை இரண்டு வரி. சித்தப்பாவின் அம்பாசடருக்கு இதே மாதிரி ஊற்றினோம், ஒரு மாதத்தில் பழையபடி ஆனது, சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டோம்.

மேலே எழுதியவருக்கு: இந்த மாதிரி பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது பாலிமர் கலந்த கெட்டி எண்ணெய். 15டபிள்யூ-40 கிரேடு இன்ஜின் ஆயிலை இன்னும் கெட்டியாக்கும். கெட்டியானால் தேய்ந்த இடைவெளியில் கசிவது குறையும், சத்தம் அமுங்கும், ஆயில் பிரஷர்கூட ஏறும். ஓட ஓட அந்தப் பாலிமர் துண்டு துண்டாக அறுந்துவிடும், ஆயில் மறுபடி இளகும். உங்கள் நாலாவது வாரம் அதுதான். சிலிண்டர் சுவரில் தேய்ந்துபோன இரும்பு போனதுதான், எந்த மருந்தும் அதை வளர்த்துக் கொடுக்காது. டெஃப்லான் கலந்த ஸ்லிக் 50 என்று ஒன்று அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 1996-இல் நடவடிக்கை எடுத்து, மறுவருடம் கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

முதலில் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகப்படுங்கள், அது சின்ன செலவு. மேட்டில் லோடோடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து வெள்ளையாகப் புகைந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். நீங்கள் டோல்கேட்டில் ஐட்லிங்கில் நின்று மிதித்ததும் வந்தது என்கிறீர்கள், அதில் வால்வு ஏறி இறங்கும் வால்வு கைடுக்கும் பங்கு இருக்கலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போடாமல் எதுவும் சொல்ல முடியாது. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கம்ப்ரஷன் அளவு குறைவாக வந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவு எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். உங்கள் இண்டிகாவில் கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தது?

ஆம்னிக்காரன்
ஸ்பேனர் அண்ணே, எல்லாப் பாட்டிலையும் ஒரே வாயால் திட்டாதீர்கள். என் ஆம்னி 700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தது. நான் ஊற்றியது கெட்டியாக்குகிற வகை இல்லை, மெதுவாகக் கழுவுகிற வகை. இரண்டு ஆயில் சேஞ்ச் முடிந்தபோது 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று இறங்கியது. நோட்டுப் போட்டு எழுதினேன். தினம் காலையில் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "கைரேகை பாக்குறீங்களா?" என்று வீட்டில் கேட்டாள்.

கோவை ஸ்பேனர்
உங்களுக்கு ரிங் தேயவில்லை, சிலிண்டர் சுவரில் ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் கரி பிடித்துப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. நான் சொன்னது தேய்மானத்துக்கு. இதில் நாம் சண்டை போட எதுவும் இல்லை.

ஆம்னிக்காரன்
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. "எந்த மருந்தும்" என்றுதானே எழுதினீர்கள்?

பட்டறை
கழுவுகிற மருந்திலும் கதை உண்டு. ஒரு சுமோ வந்தது. ஓனரே வீட்டில் ஃப்ளஷ் பாட்டிலை ஊற்றி, அது போதாதென்று மண்ணெண்ணெயும் சேர்த்து ஓடவிட்டிருக்கிறார். வருஷக்கணக்கில் படிந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்துவிட்டது. ஆயில் லைட் எரிந்ததை வயரிங் கோளாறு என்று நினைத்து 40 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால், ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் வலையே தெரியவில்லை, கறுப்பு அல்வா அப்பியிருந்தது. ஆயில் கிடைக்காமல், கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங்கின் மேல்பூச்சு முழுக்கப் போய் அடியில் இருந்த செம்பு பளபளத்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தங்கம் மாதிரி இருக்கே தம்பி" என்றார். பில்லைப் பார்க்கும்வரை அவருக்கு விஷயம் புரியவில்லை.

கொல்லிமலை போனவன்
தலைப்பு கார் போலத் தெரிகிறது, பைக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 90 ஆயிரம் ஓடிய ஸ்ப்ளெண்டர். காருக்கு வாங்கி மிச்சம் வைத்த, உராய்வைக் குறைக்கிற மாலிப்டினம் கலந்த மருந்தை அதில் கொஞ்சம் விட்டேன். சமதரையில் ஒரு குறையும் இல்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, இருபதைத் தாண்டியதும் த்ராட்டிலைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, அதுவும் வழுக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மனைவி இறங்கி நடந்தாள். அடுத்த வளைவில் எனக்கு முன்னால் போய் நின்று, பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஏறி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கோவை ஸ்பேனர்
பைக்குக்கு டப்பாவில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட, ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் மட்டும் ஊற்றுங்கள். வேறு எதுவும் சேர்க்கவேண்டாம்.

திருச்சி 800
நான் மருந்து ஊற்றவில்லை. எனக்கு முன்னால் யாரோ ஊற்றிய வண்டியை வாங்கினேன். பழைய வண்டி விற்கும் கார் கன்சல்டிங்கில் மாருதி 800. காலை எட்டு மணிக்குப் போனேன், பானெட்டைத் தொட்டால் ஏற்கெனவே சூடு, குளிர்ந்த இன்ஜினின் புகையை நான் பார்க்காமல் இருக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தேன், பட்டு. மச்சான்கூட "கிடைக்காது, முடிச்சிரு" என்றான்.

வாங்கிய கையோடு ஆயில் மாற்றக் கொடுத்தேன். டிரெயின் போல்ட்டைக் கழற்றியபின் ஆயில் விழவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே கயிறாக இறங்கியது. மெக்கானிக் அதைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டுப் பிரித்துக் காட்டினார். இரண்டு கம்பிப் பதம். அதிரசத்துக்குப் பாகு வைக்கலாம். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறைந்துவிட்டது. எதிர் வீட்டு அம்மா, கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார்.

யாழ் ஏ40
எங்கட கதை தலைகீழ். 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலம், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் சொட்டு மருந்து மாதிரி. அப்பாவின் ஒஸ்டின் ஏ40 கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடுவார். புகையும் மணமும் கேட்கவே வேண்டாம். ஒருநாள் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒயில் கூடியிருக்கு!" என்று துள்ளினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி, அதைத் தண்ணீர் ஆக்குகிறது என்று பிறகுதான் சொல்லித் தந்தார். இப்போதும் எந்த வாகனத்திலும் ஸ்டிக்கை முதலில் மணந்துதான் பார்க்கிறேன்.

பழைய டீசல்
திருச்சி 800 எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த டோல்கேட்டுக்குப் பிறகு நான் இன்ஜினை இறக்கவில்லை. அதே மருந்தை மறுபடி வாங்கினேன். இந்தமுறை இரண்டு பாட்டிலாக ஊற்றி, அந்த வாரமே கன்சல்டிங்கில் கொண்டுபோய் விட்டேன். அவர் ஃபில்லர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடினார். "ஏதாச்சும் ஊத்தியிருக்கீங்களாண்ணா?" என்றார். இல்லை என்றேன். ஐயாயிரம் குறைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

திருச்சி 800
எந்த ஊர் கன்சல்டிங் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், விடுங்கள்.

கோவை ஸ்பேனர்
அதெல்லாம் சரி, கம்ப்ரஷன் எடுத்தீர்களா இல்லையா?