புனே: எங்கள் குடியிருப்பின் உலர் குப்பையைத் தனியாருக்கு விற்கலாமா?

கோத்ரூட்வாசி:
புனேயில் இருக்கிறவர்கள் அல்லது இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் நூற்றுச் சொச்சம் வீடுகள். ஸ்வச் என்ற குப்பை சேகரிப்போர் கூட்டுறவைச் சேர்ந்த இரண்டு அக்காமார் தினமும் காலையில் மாடி மாடியாக வந்து ஈரக் குப்பை, உலர் குப்பை இரண்டையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கொடுக்கிறோம். இப்போது ஒரு தனியார் ஆள் வந்து, அட்டைப்பெட்டி, பேப்பர், பெட் பாட்டில் மட்டும் எங்களிடம் கொடுங்கள், கிலோவுக்குக் காசு தருகிறோம், மிச்சத்தை அவர்களே எடுக்கட்டும் என்கிறார். சங்கத்தில் பாதிப் பேர் வருகிற காசை ஏன் விடணும் என்கிறார்கள். எனக்கு என்னவோ நெருடுகிறது, ஆனால் கூட்டத்தில் எழுந்து பேச கையில் ஒன்றும் இல்லை. மாநகராட்சிதானே அந்த அக்காமாருக்குச் சம்பளம் கொடுக்கிறது? அப்படியானால் இதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

காயலான்கடை:
முதலில் அந்தச் சம்பளக் கதையை விடுங்கள், சம்பளமெல்லாம் கிடையாது. கையுறை, தள்ளுவண்டி, தரம் பிரிக்க இடம், கூட்டுறவின் நிர்வாகச் செலவு, இந்த மாதிரி உதவிகள்தான் மாநகராட்சி தருவது. அந்த அக்காமாரின் வருமானம் இரண்டு: நீங்கள் கொடுக்கும் கட்டணம், அப்புறம் உலர் குப்பையைப் பிரித்து விற்கும் காசு. உங்கள் தனியார் ஆள் கேட்பது இரண்டாவதில் விலை போகிற பகுதியை மட்டும். சிப்ஸ் பாக்கெட்டையும் பிஞ்ச செருப்பையும் அவர் கேட்டாரா பாருங்கள்!

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதும் தெரிந்திருந்தால் கூட்டத்தில் பேச வசதியாக இருக்கும். 1972 பஞ்சத்தில் மராத்வாடா பக்கமிருந்து புனேவுக்குப் பிழைக்க வந்த தலித் பெண்கள் பலர் தெருத் தொட்டிகளில் பொறுக்கித்தான் வயிறு கழுவினார்கள். 1993இல் அவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் வந்தது, காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்று பெயர். காகிதம், கண்ணாடி, தகரம் எடுக்கும் உழைப்பாளிகளின் சங்கம். மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை வாங்கியதுதான் அதன் முதல் பெரிய வேலை, ஏனென்றால் அதுவரை எது காணாமல் போனாலும் போலீஸ் முதலில் இவர்களைத்தான் பிடிக்கும். அப்புறம் 2000இல் வந்த மத்திய அரசு விதிகள் வீடு வீடாகக் குப்பை வாங்கச் சொல்லின. நல்ல விதிதான், ஆனால் தெருத்தொட்டி போனால் இவர்கள் பிழைப்பும் போகும், ஒப்பந்தக்காரர் லாரியோடு வந்துவிடுவார். வீடு வீடாகக் குப்பை வாங்கும் அந்த வேலையை நாங்களே செய்கிறோம் என்று கேட்டு, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுத் தொடங்கியதுதான் ஸ்வச். தொழிலாளிகளே உரிமையாளர்கள், பெரும்பாலும் பெண்கள்.

நேர்க்கேள்வி:
எல்லாம் சரி, ஆனால் என் வீட்டுப் பேப்பர் என் பொருள். பழைய பேப்பர் கடையில் போட எனக்கு உரிமை இல்லையா? பரிதாபப்பட்டுக் கொடு என்றால் அதை நன்கொடை என்றே சொல்லிவிடுங்கள். சொத்து வரியும் கட்டுகிறோம், கட்டணமும் கட்டுகிறோம், பொருளையும் கொடுக்கணுமா?

காயலான்கடை:
உரிமை இருக்கு, யார் இல்லை என்றது? தினசரிக் கட்டை எடைக்குப் போடுவதை யாரும் தடுக்கவில்லை. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும், பெரிய குடியிருப்புகள் மறுசுழற்சிப் பொருளை அங்கீகரிக்கப்பட்ட குப்பை சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ஆனால் சங்கமே ஒப்பந்தம் போட்டு மொத்தத்தையும் திருப்பிவிட்டால், இந்தக் கட்டணத்துக்கு நாளை யாரும் வரமாட்டார்கள். கட்டணம் இவ்வளவு குறைவாக இருப்பதே அந்த அட்டைப்பெட்டி காசும் சேர்வதால்தான். நீங்கள் நன்கொடை கொடுக்கவில்லை சார், தள்ளுபடி வாங்குகிறீர்கள்.

அடையாறு ராமு:
சென்னையிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 2000இலேயே சில மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தார்கள், எடைக்குப் பணம். டன்னுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எந்தக் கம்பெனி குப்பையைக் குறைக்கப் பார்க்கும்? ஈரமும் காய்ந்ததும் ஒன்றாக நசுங்கி பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகளுக்குப் போனது, நசுங்கிய அட்டையை எந்தக் காயலான் கடையிலும் வாங்கமாட்டான். புனே அக்காமாருக்குக் கணக்கே தலைகீழ், எவ்வளவு பிரிக்கிறார்களோ அவ்வளவு காசு. கொலம்பியாவின் போகோட்டாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள், குப்பை பொறுக்குவோர் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டு, மறுசுழற்சிக்குத் திருப்பிய ஒவ்வொரு டன்னுக்கும் நகரமே பணம் தரும்படி 2013இல் செய்தார்கள். புனேயில் அந்தச் சேவைக்கு அப்படிப் பணம் கொடுப்பதில்லை, அதனால்தான் உங்கள் வீட்டு பாட்டில் மேல் இவ்வளவு பாரம்.

கோத்ரூட்வாசி:
நன்றி, இது போதும். தனியார் ஆளிடம் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன்: உலர் குப்பை முழுவதையும், சிப்ஸ் பாக்கெட் உட்பட, தினமும் எடுப்பீர்களா? பதிலை வைத்து மற்றவர்களே முடிவு செய்யட்டும்.

காயலான்கடை:
அப்படியே இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்லுங்கள். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்கச் சொல்லி ஸ்வச் அக்காமார் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். பிரிக்கும்போது வெறுங்கையில் திறந்து பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். இதற்குச் சங்கத்தில் ஓட்டெடுப்பு எல்லாம் வேண்டாம், நாளை காலையிலிருந்தே செய்யலாம்.