பர்மிங்ஹாம் சிறைக் கடிதம்: சட்டத்தை மீறச் சொல்கிறாரா கிங்?

வக்கீல்வீட்டுப்பிள்ளை:
அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை நேற்றுதான் முழுசாகப் படித்தேன். எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற கடிதம், எனக்கு நெருடுகிறது. நிறப்பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போகக் கூடாதென்று கோர்ட் தடை இருந்தது. மீறிப் போனார், பிடித்து உள்ளே வைத்தார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வந்ததும் 'கோர்ட் சொல்லிவிட்டது, கீழ்ப்படியுங்கள்' என்றவரும் இவர்தான். பிடித்த சட்டத்தை மட்டும் மதிப்பேன் என்று நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பினால்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, அந்தக் கேள்வியைக் கடிதத்தில் அவரே எடுத்துப்போட்டுத்தானே பதில் சொல்கிறார். பெரும்பான்மை தன்னை விட்டுவிட்டு அடுத்தவன் தலையில் மட்டும் கட்டுகிற சட்டம், ஓட்டுப்போட விடாமல் தடுக்கப்பட்டவன்மீது ஏவப்படுகிற சட்டம், இவைதான் அவர் கணக்கில் அநியாயச் சட்டம். ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கச் சொல்வதில் தப்பில்லை என்றே எழுதுகிறார். அதை வைத்துப் பிரிவினையைக் காப்பாற்றுவதுதான் தப்பு. மீறுகிறவன் ஒளிந்து மீறக் கூடாது, தண்டனையையும் ஏற்க வேண்டும்.

வக்கீல்வீட்டுப்பிள்ளை:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவர் பக்கம் நிற்கவில்லை. தடை தப்பென்றால் கோர்ட்டுக்குப் போய் உடைத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

ராக்கோழி:
5-க்கு 4 தீர்ப்பு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க பாஸ். அதே ஊர்வலத்துக்காக, கிங்கோட கூட்டாளியான பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த்துக்குக் கொடுத்த தண்டனையை 1969-இல் அதே கோர்ட் ரத்து பண்ணுச்சு. 1967 தீர்ப்பு வந்ததும் கிங் நழுவப் பார்க்கல, பர்மிங்ஹாமுக்கே திரும்பிப் போய் ஜெயில்ல உட்கார்ந்தார்.

வக்கீல்வீட்டுப்பிள்ளை:
சரி, கோர்ட்டை விடுங்கள். இந்தக் கடிதம் எட்டு வெள்ளைக்கார மதகுருமார்களுக்கு எழுதியது. 'போராட்டம் இப்போது வேண்டாம், பொறுங்கள்' என்று பத்திரிகையில் அறிக்கை விட்டவர்கள். அதில் ஸ்டாலிங்ஸ் என்பவர் தன் சபை வழிபாட்டில் கறுப்பின மக்களை வரவேற்றவர். கடிதத்திலேயே அவருக்குப் பாராட்டு இருக்கிறது. அப்புறம் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலைவிட வெள்ளை மிதவாதிதான் பெரிய முட்டுக்கட்டையோ என்று கிங் எழுதினால் எப்படி?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
'மிதவாதி' என்ற சொல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. நம் காதுக்கு அது நல்ல பிள்ளை. கிங் சொல்வது வேறு ஆளை: 'உன் கோரிக்கை சரி, வழிதான் சரியில்லை' என்று சொல்லி, அடுத்தவன் விடுதலைக்கு நாள் குறிக்கிறவனை.

'பொறுங்கள்' என்பதற்கு அவர் தரும் பதிலைக் கவனித்தீர்களா? ஒரே வாக்கியம், 300 சொல்லுக்கு மேல். இன்னது நடக்கும்போது, இன்னது நடக்கும்போது என்று அடுக்கிக்கொண்டே போகிறார், முற்றுப்புள்ளி வருவதாயில்லை. படிக்கிற நாம் பொறுமை இழக்கிறோம். வினையைக் கடைசியில் வைக்கிற நம் தமிழுக்கு அது கச்சிதமாக வரும். துண்டு துண்டாக வெட்டி மொழிபெயர்த்தால் போச்சு. நடுவில் அவருடைய 6 வயது மகள் வருகிறாள். கறுப்பினக் குழந்தைகளை உள்ளே விடாத ஃபன்டவுன் கேளிக்கைப் பூங்காவை டிவி விளம்பரத்தில் பார்த்துவிட்டு, ஏன் போகக் கூடாது என்று கேட்கிறாள். அப்பாவுக்கு நாக்குக் குழறுகிறது. கறுப்பின ஆணை எத்தனை வயதானாலும் 'பையா' என்றே கூப்பிடுகிறார்கள் என்று இன்னொரு வரி. பெரியவரைச் சின்னப்பயல் 'டேய்' போட்ட ஊர்களில் வளர்ந்த நமக்கு இதற்கு உரை எதற்கு?

ராக்கோழி:
போராட்டத்துக்கு முன்னாடி பேச்சுவார்த்தையும் நடந்துச்சு. கடைக்காரங்க பிரிவினைப் பலகையை எடுக்கிறோம்னாங்க. எடுத்த நாலைந்தும் திரும்ப ஏறிடுச்சு. மேயர் தேர்தலுக்காகப் போராட்டத்தைத் தள்ளியும் வச்சாங்க. இதுக்கு மேல எவ்வளவு பொறுக்கணும்?

வக்கீல்வீட்டுப்பிள்ளை:
பலகை விஷயத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன் போல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டாலிங்ஸ் விஷயத்தில் நான் மாறவில்லை. கதவைத் திறந்துவிட்ட மனுஷனையும் அந்த எட்டுப் பேரில் ஒருவராகத்தானே உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் அவர்தானே தம்பி.