டார்க் நைட்டின் முதல் ஆறு நிமிடம்: உங்களுக்கு எப்படி இருந்தது?

கட்டிங் டேபிள்:
உதவி எடிட்டராகச் சேர்ந்த புதிதில் எங்கள் எடிட்டர் சார் கொடுத்த வேலை, கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ (2008) என்ற பேட்மேன் படத்தில் வரும் வங்கிக் கொள்ளையை ஷாட் ஷாட்டாகப் பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவது. எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. கண்ணாடிக் கட்டடத்தின் ஜன்னல் வெடித்துச் சிதறுகிறது இல்லையா, அது முடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஒருத்தன் தெருமுனையில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், கையில் கோமாளி முகமூடி தொங்குகிறது, கேமரா அந்த முகமூடியை நோக்கிப் போகிறது, கார் வருகிறது, ஏறிக்கொள்கிறான். அவன்தான் படத்தின் வில்லன் ஜோக்கர். அதற்கப்புறம் காரில் இருப்பவர்களும் மொட்டைமாடியில் இருப்பவர்களும் ஜோக்கர் யார், எதற்கு அந்தப் பெயர், முகத்தில் சாயம் பூசிக்கொள்வானாமே என்று பேசித் தீர்க்கிறார்கள். ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று, பங்குக் கணக்கு. களத்தில் ஐந்து பேர், திட்டம் போட்டவனோடு சேர்த்து ஆறு பங்கு என்று காரிலேயே நம் காதில் போட்டுவிடுகிறார்கள். அலாரத்தை அணைத்தவன் வேலை முடிந்ததும் காலி. அவனைச் சுட்டவன் பெட்டகத்தைத் திறந்ததும் காலி. அந்த இரண்டாமவனைச் சுட்டவன் மேல் பள்ளிப் பேருந்து சுவரை உடைத்துக்கொண்டு வந்து மோதுகிறது. நடப்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை, நாமே மனசுக்குள் கழித்துக்கொண்டு வருகிறோம். கடைசியில் பார்த்தால் அந்த ஆறாவது பங்குக்காரன் ஐவரில் ஒருத்தன், நிஜமான ஆறாவது ஆள் கணக்கிலேயே வராத பஸ் டிரைவர். அவனும் இறங்கின கையோடு காலி. எடிட்டர் லீ ஸ்மித்தை இதற்காகவே கும்பிடலாம். இத்தனை சாவையும் அவசரமே தெரியாமல் கோத்திருக்கிறார்.

இந்தக் காட்சியோ வேறு சூப்பர்ஹீரோ படத்தின் தொடக்கமோ, உங்களை எங்கே பிடித்தது என்று எழுதுங்கள்.

பால்கனி டிக்கெட்:
அண்ணே, நான் இதைத் தியேட்டரில் பார்த்தபோது பின் சீட்டில் ஒரு அப்பா தன் பையனுக்கு ஜோக்கரை அடையாளம் காட்டிக்கொண்டே இருந்தார். முதலில் காரில் அதிகம் பேசுகிறவனைக் காட்டி ‘இவன்தான்டா’ என்றார். அவன் செத்தான். அப்புறம் பெட்டகத்தைத் திறக்கிறவன். அவனும் செத்தான். ஒவ்வொரு தடவையும் பையன் ‘எங்கப்பா, செத்துட்டானே’ என்று கேட்க, எங்கள் வரிசையே சிரித்தது. நோலன் எதிர்பார்த்த ரசிகர் அந்த அப்பாதான் என்று இப்போது தோன்றுகிறது. நிறையப் பேசுகிறவனைத்தான் நம் கண் தலைவனாக எடுத்துக்கொள்ளும், அதனால் ஜோக்கருக்குக் கடைசிக் கட்டம் வரை வசனமே வைக்கவில்லை.

நம்ம ஊர் மாஸ் இன்ட்ரோவை யோசித்துப் பாருங்கள். முதலில் ஷூ, அப்புறம் கை, அப்புறம் முதுகு, விசில் சத்தத்தின் உச்சத்தில் முகம். இங்கேயும் அதே வரிசைதான், முதுகு, கை, முகமூடி, கடைசியில் முகம். என்ன, ஹீரோவுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை வில்லனுக்குப் போய்விட்டது. பேட்மேன் படத்தின் முதல் ஆறு நிமிடத்தில் பேட்மேனே கிடையாது! முகமூடியைக் கழற்றினால் அடியில் இன்னொரு முகமூடி மாதிரி அந்தச் சாயம் பூசிய முகம், அதுவும் திரை கொள்ளாத அளவுக்கு. எங்கள் தியேட்டரில் விசில் பறந்தது அப்போதுதான்.

அகலத்திரை:
ப்ளூரே வாங்கி வீட்டில் போட்டபோது அப்பா ‘படம் ஒரு நேரம் பெருசாவுது, ஒரு நேரம் சின்னதாவுது, டிவி ரிப்பேரா?’ என்று கேட்டார். டிவியில் கோளாறு இல்லை. கொள்ளைக் காட்சியை ஐமாக்ஸ் என்கிற பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்திருக்கிறார்கள், அது டிவித் திரையை முழுசாக நிரப்பும். சாதாரண 35 எம்எம்மில் எடுத்த காட்சி வந்ததும் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்துவிடும். இன்னொரு விஷயம், சாதாரணத் தியேட்டருக்குப் போன பிரிண்டில் ஐமாக்ஸ் காட்சிகளின் மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் வெட்டித்தான் கொடுத்தார்கள். ஆகவே நம்மில் பலர் அந்த உயரத்தைப் பார்த்ததே இல்லை.

அந்த உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு பேர் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டட மாடிக்குச் சறுக்கிப் போகும்போது, கீழே தெரு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று முழு ஃபிரேமில் பார்த்தால் வயிறு கலங்கும். காதம் நகரம் என்று படத்தில் சொன்னாலும் அது சிகாகோதான், வங்கியாக வருவது அங்கே இருக்கும் பழைய தபால் அலுவலகக் கட்டடம். 2007 ஏப்ரலில் முதலில் எடுத்ததே இந்தக் காட்சியைத்தான். அந்த டிசம்பரிலேயே ஐமாக்ஸ் அரங்குகளில் வேறொரு படத்துக்கு முன்னால் இதைத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். தனியாகப் பார்த்தாலும் புரிகிற குறும்படமாக அது இருப்பதால்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஐமாக்ஸ் கேமரா கனம், ஒரு ரோல் ஃபிலிம் மூன்று நிமிடம்போலத்தான் ஓடும், சத்தமோ காதைப் பிய்க்கும். சத்தம் போடும் கேமரா பக்கத்தில் நின்று வசனம் பேசினால் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே பேசுகிற வாய் பெரும்பாலும் முகமூடிக்குள் இருக்கிறது. டப்பிங்குக்கு உதட்டசைவு பார்க்க வேண்டிய தலைவலியே இல்லை. அதற்காகவே முகமூடி வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் வசதியாகத்தான் இருந்திருக்கும்.

ரீரெக்கார்டிங் ரூம்:
சவுண்ட் படித்தபோது வகுப்பில் இதே காட்சியை முதலில் சத்தமில்லாமல் போட்டார்கள், பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும். சத்தமில்லாமல் பார்த்தால் நல்ல ஒரு கொள்ளைக் காட்சி, அவ்வளவுதான். ஒலியை மட்டும் கேட்டபோதுதான் எங்களுக்கெல்லாம் முதுகு விறைத்தது. ஜோக்கருக்கென்று ஹான்ஸ் ஜிம்மர் மெட்டு எதுவும் போடவில்லை, செல்லோவில் ஒரே ஒரு சுரம், அது மெதுவாக இறுகிக்கொண்டே போகும். எங்கே போய் உட்காரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும், உட்காரவே உட்காராது. கத்தியைக் கல்லில் தேய்க்கும்போது பல் கூசுமே, கிட்டத்தட்ட அது. படத்துக்குக் கிடைத்த இரண்டு ஆஸ்கரில் ஒன்று ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு, அவர் இறந்த பிறகு கொடுத்தார்கள். இன்னொன்று ஒலித் தொகுப்புக்காக ரிச்சர்ட் கிங்குக்கு. லெட்ஜரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், கிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

சந்தேகப் பிராணி:
எல்லாம் சரி ப்ரோ, ஒரு கேள்வி. சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போன பஸ் தூசியும் துரும்புமாக வெளியே வந்து, வரிசையாகப் போகிற பள்ளிப் பேருந்துகளுக்கு நடுவே சரியாக நுழைந்துகொள்கிறது. பின்னால் வரும் பஸ் டிரைவர் ஹாரன்கூட அடிக்க மாட்டாரா? எதிரே போலீஸ் வண்டிகள் போகின்றன, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் ஓட்டு எக்ஸ்-மென் வரிசையில் வந்த ‘எக்ஸ்2’ (2003) படத்துக்குத்தான். வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தன் நழுவுகிறான், மோட்சார்ட்டின் ரெக்வியம் அலறுகிறது, நைட்கிராலர் என்கிற அவன் நடைபாதையில் புகையாக மறைந்து மறைந்து தோன்றி அதிபரின் அறைக்குள்ளேயே போய்விடுகிறான். ஒருத்தனுக்கு என்ன சக்தி என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் சண்டையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். டிவியில் எப்போது போட்டாலும் அந்த இடம் முடிகிறவரை ரிமோட்டைத் தொட மாட்டேன்.

குட்டி குரூட்:
என் மகளுக்கு இந்தக் கொள்ளையெல்லாம் வேண்டாம். ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ இரண்டாம் பாகம் (2017) டைட்டிலைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். பின்னால் பெரிய பூதத்தோடு எல்லாரும் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள், அது அவுட் ஆஃப் ஃபோகஸில் மங்கலாகக் கிடக்கிறது. கேமரா தரையோடு தரையாகக் குட்டி குரூட் என்கிற மரக்குட்டி ஆடுவதை மட்டும் பின்தொடர்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்து எடுத்த சண்டையை மங்கலாக்கிக் காட்டத் தைரியம் வேண்டும்.

கட்டிங் டேபிள்:
குரூட் நல்ல எடுத்துக்காட்டு, நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன். சந்தேகப் பிராணிக்கு: பஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நம் கண் பஸ்ஸில் இல்லை. வங்கி மேனேஜர் வாயில் ஜோக்கர் குண்டைத் திணித்து, அதன் பின்னைக் கயிற்றில் கட்டி, கயிற்றை பஸ்ஸோடு இழுத்துக்கொண்டு போகிறான். கயிறு எப்போது விறைக்கும் என்று பார்ப்போமா, பின்னால் வரும் டிரைவரைப் பார்ப்போமா? கடைசியில் வெறும் புகை வருகிறது. அந்தப் புகை அடங்குவதற்குள் பஸ் வரிசையோடு போயேவிடுகிறது.

அந்த மேனேஜர் வில்லியம் ஃபிக்ட்னர், மைக்கேல் மன் எடுத்த ‘ஹீட்’ (1995) என்ற கொள்ளைப் படத்திலும் வருவார். நோலனுக்கு அந்தப் படத்தின் மேல் உள்ள பிரியம் ஊரறிந்தது. மேனேஜரின் ஷாட்கன்னில் தோட்டா தீர்ந்துவிட்டதா என்று கொள்ளையரில் ஒருத்தன் கேட்க, ஜோக்கர் தலையை மட்டும் ஆட்ட, அவன் நம்பி எழுந்து தோளில் அடி வாங்குவான். எண்ணிக்கை தவறியதா, வேண்டுமென்றே ஆட்டினானா? நானும் எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன், அந்தத் தலையாட்டலில் ஒன்றும் பிடிபடவில்லை. வேண்டுமென்றேதான் என்பது என் கட்சி.

சந்தேகப் பிராணி:
தலையாட்டலில் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் மட்டும் மாட்டேன். ஒரு ஹாரனாவது வைத்திருக்கலாம்.