இரத்தம் வருகிறது, கைடுவயர் போகுதில்லை: யோசனை தேவை

வணக்கம். இதய சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போகும் கைக்குழந்தைகளுக்குச் சிலவேளை இங்கே திருகோணமலையிலேயே சென்ட்ரல் லைன் (பெரிய நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடவேண்டி வருகிறது. தியேட்டரில் அன்றாடம் செய்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

எடை 3–5 கிலோ. கழுத்தில் வலது உள் ஜுகுலர் நாளம், 4 பிரெஞ்ச் (குழாயின் தடிப்பளவு) கதீட்டர். தோளுக்குக் கீழே துணிச்சுருள், தலைப்பக்கம் தாழ்வாக. தலையை 45 பாகைக்கு மேல் திருப்புவதில்லை. திருப்பினால் நாளம் நாடிக்கு மேலேயே வந்து படுத்துவிடும். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, அல்ட்ராசவுண்ட் புரோப்பைத் தொட்டும் தொடாமலும் வைக்கிறோம். கொஞ்சம் அழுத்தினாலே திரையில் நாளம் காணாமல் போகும்.

சிக்கல் இனித்தான். ஊசி முன்சுவரைக் கூடாரம்போல் உள்ளே தள்ளி, ஒரேயடியாகப் பின்சுவரையும் துளைக்கிறது. மெல்ல உறிஞ்சியபடி பின்னிழுத்தால் இரத்தம் வரும். சிரிஞ்சைக் கழற்றும் அசைவிலேயே நுனி வெளியே வந்துவிடும். கதீட்டருக்கு வழிகாட்டும் கைடுவயரின் ஜே வடிவ வளைந்த முனைக்கு அந்தச் சின்ன நாளத்துக்குள் வளைய இடமுமில்லை.

22 கேஜ் கனியூலாவை (ஊசிமேல் பொருந்திய மென்குழாய்) ஏற்றி, ஊசியை உருவியபின் 0.018 அங்குல நேர்முனை வயர் விடுபவர்கள் இருக்கிறீர்களா? மென்முனை வயர்தானே? அல்லது காறையென்புக்கு மேலிருந்து பிரேக்கியோசெபாலிக் நாளத்தை (கழுத்தடியிலுள்ள பெரிய நாளம்) நீள்வாட்டில் குத்துவது மேலா? அது இலகுவில் சுருங்காது, ஆனால் நுரையீரல் உறை பக்கத்திலேயே இருக்கிறது. இடப்பக்கம் என்றால் இடது மேற்பெருநாளம் (சிலருக்கு மட்டும் இருக்கும் நாளம்) உண்டா என்று எக்கோவில் (இதய ஸ்கேன்) முதலே பார்க்கிறீர்களா?

ஒற்றை இதயவறைக் குழந்தைகளுக்குக் கழுத்தை விட்டுத் தொடைக்குப் போகிறீர்களா என்பதையும் எழுதுங்கோ.