கல்குடாக் கடலில் பெயர் தெரியாத கப்பற் சிதைவு: மீனவர் தந்த புள்ளியில் ஏன் ஒன்றுமே தெரியவில்லை?

கேள்வி (கல்குடாவிலிருந்து)

வணக்கம். நாங்கள் கல்குடாவில் சுழியோடும் ஒரு சிறிய குழுவினர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பலை எங்கள் பக்கத்தில் சுழியோடுபவர்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது நாங்கள் கேட்பது எந்தச் சுழியோடியின் குறிப்பிலும் இல்லாத வேறோர் இடத்தைப் பற்றியது. கடலடியில் வலை போடும் மூத்த மீனவர் ஒருவர், பல ஆண்டுகளாகத் தம் வலை கிழியும் இடம் என்று ஒரு புள்ளியைக் காகிதத்தில் எழுதி, தம் மகனிடம் கொடுத்து அனுப்பினார். கிழிந்த வலையில் துருவேறிய தகட்டுத் துண்டுகள் ஒட்டி வந்ததாகவும் சொல்கிறார். நாங்கள் அந்தப் புள்ளிக்குச் சென்று எக்கோ சவுண்டரை (ஒலியால் ஆழம் காட்டும் கருவி) ஓட்டிப் பார்த்தபோது 26 மீட்டர் ஆழத்தில் தட்டையான மணலைத் தவிர எதுவும் தெரியவில்லை. அங்கிருந்து சற்றுத் தெற்கே ஒரு மேடு தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் அது கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணற்கற் பார். மீனவர் பொய் சொல்பவர் அல்லர். நாங்கள் எதைத் தவறவிடுகிறோம்? இடம் கிடைத்தால் அதை எப்படி முறையாகப் பதிவு செய்வது?

மறுமொழி 1 (திருகோணமலை, நீரடி அளவைப் பணி)

தம்பிமாருக்கு வணக்கம். அந்தக் காகிதத்தில் எண்கள் எந்த முறையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் பாகையையும் தசம நிமிடத்தையும் காட்டுகின்றன. கருவியில் 7 பாகை 55.50 நிமிடம் என்று இருப்பதைக் காகிதத்தில் 7-55-50 என்று எழுதினால், வாங்குபவர் அதை 50 செக்கன் என்று வாசிப்பார். உண்மையில் 55.50 நிமிடம் என்பது 55 நிமிடம் 30 செக்கன்தான். இந்த 20 செக்கன் வேறுபாடு கடலில் 600 மீட்டருக்கும் அதிகம். எனவே காகிதத்தை வைத்துவிட்டு, அவருடைய கருவித் திரையையே படம் எடுத்து வாருங்கள். பழைய அச்சு வரைபடத்திலிருந்து எடுத்த புள்ளியானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இலங்கையின் பழைய அளவைகள் கண்டவளை ஆதாரத்தில் (இடப்புள்ளிகளைக் கணிக்கும் அடிப்படைச் சட்டகம்) அமைந்தவை, ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் ஆதாரம். இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் உண்டு.

அடுத்ததாக, அவர் எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினார் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். வலை சிக்கியதை உணர்ந்தவுடன் குறித்திருந்தால், அந்தப் புள்ளி படகு நின்ற இடத்தைச் சொல்லுமே தவிர வலை சிக்கிய இடத்தைச் சொல்லாது. வலையின் நீளத்தையும் அன்றைய நீரோட்டத்தையும் பொறுத்து இரண்டுக்கும் இடையே சில நூறு மீட்டர் இருக்கலாம். சிக்கிய வலையை இழுத்து இழுத்து, கயிறு செங்குத்தாக நின்ற வேளையில் குறித்திருந்தால் அது ஏறத்தாழச் சரியான இடம். தூண்டிற்காரர்களின் புள்ளி வேறு வகை. இரை நீரோட்டத்தோடு போய்ச் சிதைவின் மேல் விழ வேண்டும் என்பதற்காக அவர்கள் நீரோட்டம் வரும் திசையில் நங்கூரம் போடுவார்கள். ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டிருந்தால், 26 மீட்டர் ஆழத்தில் நங்கூரத்துக்கும் படகுக்கும் இடையே மட்டுமே 70 மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும்.

தேடும் முறையிலும் ஒரு திருத்தம் தேவை. உங்கள் சவுண்டர் கீழே அனுப்பும் ஒலிக் கூம்பு 20 பாகை என்றால், 26 மீட்டர் ஆழத்தில் அது காண்பது 9 மீட்டர் அகலமே. புள்ளியைச் சுற்றி வட்டமிட்டால் கப்பலின் பக்கத்தாலேயே போய்விடுவீர்கள். முந்நூறு மீட்டர்ச் சதுரம் ஒன்றை வகுத்து, 10 மீட்டர் இடைவெளியில் நேர்கோடுகளாக ஓடுங்கள். மொத்தம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மூன்று நொட் வேகத்தில், திருப்பங்களையும் சேர்த்து, ஒரு காலைப்பொழுது போதும். அடித்தளம் சற்றே உயர்வதை மட்டும் பார்க்காமல், மணலுக்கு மேலே திரண்டு நிற்கும் சிறுமீன் கூட்டத்தையும் பாருங்கள். உடைந்து தாழ்ந்துபோன சிதைவுகள் பல முதலில் மீனாகத்தான் திரையில் தெரியும். வாடைக் காலம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்; மழையில் ஆறும் வாவியும் கொண்டுவரும் கலங்கலில் கீழே எதையும் காண முடியாது.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. கருவித் திரையில் இருந்தது தசம நிமிடம்தான். அவரோடு படகில் போய்க் கேட்டபோது, கயிறு நிமிர்ந்து நின்ற நேரத்தில் குறித்ததாகவும் சொன்னார். திருத்திய புள்ளியைச் சுற்றிக் கோடு கோடாக ஓடியதில், நீங்கள் சொன்னபடியே, மீன் கூட்டத்துக்குக் கீழே அது கிடந்தது. கப்பலின் உடல் பெரும்பாலும் மணலுக்குள் இருக்கிறது. உருளை வடிவக் கொதிகலன்கள் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் ஓர் இயந்திரம், தறையாணி அடித்த தகடுகள், சிதறிக் கிடக்கும் நிலக்கரி ஆகியவை தெரிகின்றன. இதுவும் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9இல் மூழ்கியதாக இருக்குமா? பழைய நைலோன் வலைகள் மேலே மூடிக் கிடப்பதால் இன்னும் அதிகம் நெருங்கவில்லை.

மறுமொழி 2 (கொழும்பு, நீராவிக் கப்பல்களின் வரலாற்றைத் தேடுபவர்)

அந்த நாளின் பெயர்களோடு உடனே முடிச்சுப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று பிரிட்டனின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும், அதற்குக் காவலாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகிய எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. அவை பெரிதும் எழுதப்பட்டவை என்பதால், இந்தக் கடலில் கிடக்கும் எந்த இரும்புக்கும் அவற்றின் பெயரைச் சூட்டும் வழக்கம் வந்துவிட்டது. அதற்கு முன்பே பல தலைமுறைகளாக நீராவிக் கப்பல்கள் இந்தக் கரையோரம் ஓடியிருக்கின்றன. சிதறிய நிலக்கரி உங்கள் கப்பல் கரி எரித்தது என்பதைக் காட்டலாம். சரக்காக ஏற்றிய கரியாகவும் இருக்கலாம். எனவே கொதிகலன் அறைக்கு அருகில் மட்டும் கிடக்கிறதா, முன்பகுதி வரை பரவியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரைக் கண்டுபிடிக்கக் கப்பல் மணியையோ பெயர்த் தகட்டையோ தேட வேண்டாம். இயந்திரத்தை அளந்தாலே போதும். கப்பல்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் லொயிட்ஸ் பதிவேட்டில் ஒவ்வொரு நீராவிக் கப்பலுக்கும் கொதிகலன்களின் எண்ணிக்கை, அவற்றின் எரியுலைகளின் எண்ணிக்கை, இயந்திர உருளைகளின் விட்டம், உந்துதண்டின் ஓட்ட நீளம் ஆகியவை அங்குலத்தில் தரப்பட்டுள்ளன. 1930 முதல் 1945 வரையான பதிவேடுகளை இணையத்திலேயே படிக்கலாம். ஆகவே, ஒவ்வொரு கொதிகலனிலும் எத்தனை உலைவாய்கள் உள்ளன, அவை ஒரு முனையில் மட்டுமா இரு முனைகளிலுமா என்று எண்ணுங்கள். இயந்திரம் மும்மடி விரிவு வகையானால் (ஒரே நீராவி மூன்று கட்டங்களில் விரிந்து வேலை செய்வது) வெவ்வேறு பருமனில் மூன்று உருளைகள் இருக்கும். மூன்றின் மூடிகளையும் அளந்து கொள்ளுங்கள். மூடியின் வெளிவிட்டம் உள்விட்டத்தைவிடப் பெரிது என்பதால், மூன்றுக்கும் இடையிலான விகிதத்தையே பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். இயந்திரம் நடுக்கப்பலில் உள்ளதா, பின்பகுதியிலா என்பதும், நங்கூரத்துக்குக் குறுக்குத்தடி உண்டா என்பதும் காலத்தையும் வகையையும் சுருக்கித் தரும்.

மறுமொழி 1 (தொடர்ச்சி)

அளப்பதைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். இரும்புக்கு அருகில் திசைகாட்டி பிழையாகவே காட்டும். ஆகையால் கோணத்தை நம்பாதீர்கள். கொதிகலன் பக்கத்திலிருந்து சுக்கான் பக்கம் வரை ஓர் அளவுநாடாவை இறுக்கிக் கட்டி, அதன் மேலுள்ள இரு புள்ளிகளிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள தூரத்தை அளந்து முக்கோணமாக வரையுங்கள். இரு முனைகளிலிருந்தும் மிதவையை நேர்கயிற்றில் மேலே விட்டு, நீரோட்டம் தணிந்த வேளையில் அதனருகே ஜிபிஎஸ் எடுத்தால் கப்பல் கிடக்கும் திசை கிடைத்துவிடும். முப்பரிமாண உருவுக்காகப் படம் எடுப்பவர், ஒரு படத்தில் உள்ளதில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் வருமாறு எடுக்க வேண்டும். அளவுகோல் ஒன்றும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். 26 மீட்டர் ஆழத்தில் நேரம் மிகக் குறைவு. ஆகவே ஒரு முழுக்கில் ஒரு வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வலை மூடிய பக்கத்துக்குக் கத்தரியும் கத்தியும் இல்லாமல் போகக் கூடாது. உள்ளே நுழையவே கூடாது.

முதலில் கண்ட மணற்கற் பாரையும் விட்டுவிடாதீர்கள். இருபது மீட்டர் நாடாவை விரித்து, ஒவ்வொரு 50 சென்டிமீட்டரிலும் நாடாவுக்குக் கீழே இருப்பது உயிருள்ள முருகைக்கல்லா, இறந்ததா, பாசியா, மணலா என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதையே திரும்பச் செய்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

மறுமொழி 3 (காலி, கடல்சார் தொல்லியலில் பணிபுரிந்தவர்)

ஒரு துண்டைக்கூட மேலே கொண்டுவர வேண்டாம் என்பதைத்தான் நான் அழுத்தமாகக் கேட்டுக்கொள்வேன். காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொன்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலை ஆய்ந்தபோது, எடுத்த ஒவ்வொரு பொருளையும் கெடாமல் காக்கத் தனி ஆய்வுகூடம் தேவைப்பட்டது. உப்பு நீரில் ஊறிய இரும்பும் மரமும் காற்றுப் பட்டவுடன் சிதையத் தொடங்கும். தென்கரையிலுள்ள கொடவாயாவில் கிடைத்த, இந்துசமுத்திரத்தின் மிகப் பழைய கப்பற் சிதைவாகக் கருதப்படுவதை 2003இல் முதலில் கண்டவர்கள் சங்கு குளிப்பவர்களே. உங்கள் மூத்த மீனவரின் பெயரையும், அவர் விரும்பினால், உங்கள் அறிக்கையில் முதலிடத்தில் எழுதுங்கள்.

ஓவியம், அளவுகள், படங்கள், திகதி ஆகியவற்றை ஒரே கோப்பாக்கித் தொல்பொருள் திணைக்களத்துக்கும் காலியிலுள்ள கடல்சார் தொல்லியல் பிரிவுக்கும் அனுப்புங்கள். குண்டோ எறிகணையோ போலத் தெரியும் எதையும் தொடாமல் கடற்படைக்கு அறிவியுங்கள். ஹேர்மிஸில் 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். உங்கள் கப்பலிலும் யாராவது இறந்திருக்கக் கூடும் என்ற எண்ணத்தோடே அங்கே இறங்க வேண்டும். இரும்புக்காக வெடிவைத்துக் கப்பல்களைப் பிளப்பவர்கள் இன்னும் இருப்பதால், சரியான இடப்புள்ளியைப் பொதுவில் வெளியிடாதீர்கள். இந்த இழையிலும் வேண்டாம். உலைவாய்களை எண்ணி முடித்ததும் அந்த எண்ணிக்கையை மட்டும் இங்கே எழுதுங்கள், பதிவேட்டை நாங்களும் சேர்ந்து பார்க்கிறோம்.