புதுப்பிப்பு: ‘வாடாமல்லி’ நாவலை அப்பத்தாவிடம் கொண்டுசேர்த்த விதம்

திருநங்கை ஒருவரின் கதையைச் சொல்லும் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) என்னை உலுக்கிவிட்டதாகவும், தன்னைத் திருநங்கை என்று வெளிப்படுத்தியதால் வீட்டைப் பிரிய நேர்ந்த சித்தப்பா மகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவிடாத அப்பத்தாவிடம் அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்றும் இங்கே கேட்டிருந்தேன். வழிசொன்ன அனைவருக்கும் நன்றி.

“புத்தகத்தைக் கையில் கொடுக்காமல் வாசித்துக் காட்டுங்கள்” என்ற யோசனையே பலித்தது. காரைக்குடி வீட்டு வளவில் அவர் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் நேரம் பார்த்து, கதை என்று மட்டும் சொல்லி, மாலைதோறும் சில பக்கங்கள் வாசித்தேன். பொறியியல் மாணவரான சுயம்புவைச் சொந்தக் குடும்பமே ஏற்க மறுக்கும் பகுதியில் அவர் கை நின்றுவிட்டது, நானும் நிறுத்தினேன். “நிப்பாட்டாதே ஆத்தா, படி” என்றார்.

நான் எதிர்பாராதது, கதை முடியும் முன்பே, வரும் படைப்புக்குச் சித்தப்பா மகளையும் அழைக்க வேண்டும் என்று அவரே சித்தப்பாவிடம் சொன்னதுதான். பங்காளிகள் கூடி முன்னோரை வணங்கும் நாள் என்பதால் அதன் கனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. அப்பத்தா அவளிடம் தொலைபேசியில் பேசிவிட்டார்.

திருநங்கை ஒருவரின் தன்வரலாற்று நூலிலிருந்து தொடங்கச் சொன்ன யோசனையை நான் முயலவில்லை. கதை என்ற திரை இருந்ததால்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன். வாசித்துக் காட்ட விரும்புவோர், மனத்தை வருத்தும் பகுதிகள் உள்ளதால், முன்கூட்டியே முழுவதும் படித்துவைத்துக்கொள்வது நல்லது.